பதினெட்டு வரிசைத் தங்கமலர்

ஒரு திராட்சைக் கொடியை வெட்டுவதற்கு முன் தங்கமலர் அதன் தண்டை இடது கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பெப்ரவரி மாதம். கடற்கழிப் பக்கமிருந்து ஏறிவரும் காற்று காதைப் பிடித்துத் திருகும். அவருக்கு அவசரம் இல்லை. போன வருடத்துக் கிளைகள் பத்துப் பன்னிரண்டு நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் இரண்டுதான் மிஞ்ச வேண்டும். மேலிருந்து கீழே ஒரு தடவை பார்ப்பார், அதன் பிறகு கத்தரி நிற்காமல் ஓடும். இரண்டு கிளை கம்பியோடு நிற்க, மற்றதெல்லாம் அவர் காலடியில் கிடக்கும்.

“வெட்ட ஆருக்குத்தான் ஏலாது? எதை விடுறது எண்டதிலைதான் தலையிடி” என்பார்.

இடது கையில் போட்டிருப்பது சின்னச் சின்ன இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த கையுறை. திராட்சைத் தோட்டத்தில் யாரும் அப்படி ஒன்றைப் போடுவதில்லை. அது இறைச்சி வெட்டுகிறவர்கள் போடுவது. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரு பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் கத்தி பிடித்தவர் தங்கமலர். வெள்ளிக்கிழமைகளில் முட்டைகூடத் தொடமாட்டார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையும் சேர்த்து வாரத்தில் ஐந்து நாள் பன்றித் தொடை அறுத்தார். எப்படி முடிந்தது என்று கேட்டால், “அது வேலை, இது விரதம். ரெண்டையும் ஏன் போட்டுக் குழப்புறியள்?” என்று கேட்டவரையே மடக்கிவிடுவார். கனம் தூக்கித் தூக்கித் தோள் பழுதாகி அந்த வேலை போனது. நகரசபை அலுவலகத்தில் இருந்து நான்கு வாரத்துக்கு இந்தத் தோட்டத்தில் வேலை பழகிப் பார்க்க அனுப்பினார்கள். ‘பிராக்டிக்’ என்று அதற்குப் பெயர். அந்த நான்கு வாரம் முடிந்து ஒன்பது வருடமாகிவிட்டது.

தோட்டம் சின்னதுதான். தெற்குப் பார்த்த சரிவில் பதினெட்டு வரிசை. சொந்தக்காரி இங்கர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இந்தக் குளிர் நாட்டில் திராட்சையா என்று அக்கம்பக்கத்துக் கமக்காரர்கள் சிரித்தபோது காதில் போட்டுக்கொள்ளாமல் நட்டவர். இங்கருக்குப் புத்தகம் தெரியும். தங்கமலருக்குக் கொடி தெரியும். இருவரும் டேனிஷில்தான் பேசிக்கொள்வார்கள், அதுவும் குறைவாக. தங்கமலரின் டேனிஷ் இறைச்சித் தொழிற்சாலையில் படித்தது. வினைச்சொற்கள் எல்லாம் கட்டளையாகவே வரும். ஆசிரியை ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தார், பிறகு தானே அப்படிப் பேசப் பழகிக்கொண்டார்.

யூலையில் காலை வெயில் விழும் பக்கத்து இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். ஓகஸ்ட்டில் குருவிகளுக்கு வலை போட வேண்டும். செப்டம்பர் வந்தால் குளவியோடு சண்டை. அதன் பிறகுதான் பெரிய வழக்கு: எப்போது வெட்டுவது? இங்கர் ஒரு பழத்தை நசுக்கி, சாறு ஒரு துளியைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சீனி அளவு பார்ப்பார். தங்கமலர் பழத்தை வாயில் போட்டு, தோலைத் துப்பிவிட்டு, விதையைக் கடிப்பார். வறுத்த கடலை போல முறிந்தால் சரி. பச்சையாக நசிந்தால் இன்னும் நாள் இருக்கிறது. “அவவின்ரை குழாய் சீனியைச் சொல்லும். விதை சொல்லுறதை ஆர் கேக்கிறது?” ஒன்பது வருடத்தில் ஏழு முறை விதை சொன்னதுதான் நடந்திருக்கிறது. இத்தனைக்கும் அந்தத் தோட்டத்து வைன் ஒரு மிடறுகூட அவர் தொண்டைக்குள் போனதில்லை. “என்ரை வேலை பெட்டியோடை முடிஞ்சுது. பிறகு அவவின்ரை பாடு.”

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வேலை இல்லாவிட்டாலும் தோட்டத்துக்கு வருவார். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி பரமானந்தம் அந்த நேரம்தான் வீடியோவில் வருவான். ஊரைவிட்டு வந்த முப்பத்தொரு வருடத்தில் அக்காவும் தம்பியும் நேரில் கண்டது நான்கு தடவை. அதில் மூன்று கல்யாண வீடுகள். நெஞ்சு வருத்தத்தால், இதயம் பலவீனப்பட்டு, லொறி ஓட்டுவதை விட்ட பிறகு பரமானந்தத்துக்கு இருந்த ஒரே அலுவல் டென்மார்க்கில் இருக்கும் இந்தப் பதினெட்டு வரிசையை மேற்பார்வை செய்வதுதான். ஒரு திராட்சைக் கொடியைக் கையால் தொட்டிராதவன், அங்கிருந்தே உத்தரவு போடுவான்.

“அக்கா, போனைக் கீழை பிடி. அடியிலை ஏன் இலை மஞ்சளாக் கிடக்கு? உன்ரை முந்திரிகைக்குத் தண்ணி காணாது.”

“தண்ணி கூடினதாலைதான்ரா மஞ்சள். நீ சோத்தைக் குறைச்சனியோ, அதைச் சொல்லு முதல்.”

யாழ்ப்பாணத்துக்காரர் வாயில் திராட்சை முந்திரிகைதான். தம்பியைத் திட்டிக்கொண்டே தங்கமலர் வரிசை வரிசையாகப் போனைப் பிடித்து நடப்பார். அந்த அரை மணி நேரம் அவர் முகத்தில் இருக்கும் வெளிச்சத்தை இங்கர் சமையலறை யன்னலால் பார்த்திருக்கிறார். அதனால் ஞாயிறுகளில் அவரைத் தேநீருக்குக் கூப்பிடுவதில்லை.

பழம் வெட்டும் நாளுக்கு ஒரு முறை உண்டு. அன்று ஹோர்சன்ஸிலிருந்து தமிழ்ச் சனம் பதினைந்து பதினாறு பேர் வருவார்கள். சனிக்கிழமைதான் அநேகருக்கு ஓய்வு என்பதால் வெட்டும் சனிக்கிழமைதான். அதிகாலையில் தங்கமலர் தலை முழுகி, மஞ்சளைக் குழைத்து ஒரு சின்னப் பிள்ளையார் பிடித்து, முதல் வரிசையின் தலைக் கம்பத்தடியில் வைப்பார். தலையில் குத்த அறுகு வேண்டுமே. அறுகைப் போலவே ஒரு புல் அந்தத் தோட்டத்தில் உண்டு. இங்கருக்கு அது பரம எதிரி. கண்ட இடத்தில் வேரோடு பிடுங்குவார். ஆனால் முதல் கம்பத்தடியில் மட்டும் ஒரு பிடி புல் ஒன்பது வருடமாக யாரும் தொடாமல் நிற்கிறது. தங்கமலர் முதல் குலையை வெட்டிப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்த பிறகுதான் மற்றக் கத்தரிகள் திறக்கும்.

போன வருடம் அது பிசகிப்போனது. வெட்டுக்குக் குறித்த சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன் தலைநகர்ப் பக்கம் ஹ்விடோவ்ரேயில் கந்தையா மாஸ்டர் காலமானார். ஹோர்சன்ஸில் பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்த மனிதர். செத்தவீடு சனிக்கிழமை. பதினாறு பேரும் போனார்கள். தங்கமலரும் போனார். போகாமல் இருக்கலாம் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. இங்கர் வாசலில் நின்று, “அவர் உங்கள் எல்லோருக்கும் சொந்தக்காரரா?” என்று கேட்டபோது தங்கமலர் ஓம் என்றார். அது பொய்யும் இல்லை. செவ்வாய்க்கிழமை வந்து வெட்டித் தருகிறோம் என்றார். ஞாயிறு தொடங்கிய மழை செவ்வாய் வரை விடவில்லை. குலைகளில் சாம்பல் பூஞ்சணம் பிடித்துவிட்டது. பாதிக்கு மேல் வெட்டி நிலத்தில் கொட்ட வேண்டியிருந்தது. கொட்டியதெல்லாம் தங்கமலரின் கைதான். அன்று இரும்புக் கையுறையைக்கூட அவர் போடவில்லை.

இங்கர் கோபிக்கவில்லை. தை மாதத்தில் ஒரு நாள் தேநீர் ஊற்றிக்கொண்டே, கீழ்ப் பண்ணைக்காரர் இந்தச் சரிவைக் கிறிஸ்மஸுக்கு விற்கும் நத்தார் மரம் நடக் கேட்கிறார் என்று சொன்னார். “இன்னும் ஒரு அறுவடை பார்க்கிறேன். அதுவும் போனால் கொடுத்துவிடுவேன், மலர். எனக்கு எழுபத்திரண்டு வயது.” தங்கமலர் தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து போய், அன்று கத்தரிக்க வேண்டியிராத நான்காம் வரிசையைக் கத்தரித்து முடித்தார்.

இந்த வருடம் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. விதை முறிந்துவிட்டது. குழாயும் ஒத்துக்கொண்டது. ஞாயிறிலிருந்து ஒரு வாரத்துக்கு மழை என்று வானிலை சொன்னது. ஓகூஸில் பஸ் ஓட்டும் கணவர் குகநேசன் விடியற்காலை நான்கு மணிக்கே வேலைக்குப் போய்விட்டார். தங்கமலர் முழுகி, மஞ்சளை ஒரு தகரப் பேணியில் போட்டுக்கொண்டு, போத்தலில் தேநீர் வார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. தம்பியின் மகள் சாரங்கி.

“அத்தை,” என்றாள். “அப்பா போயிட்டார், அத்தை. ஹொஸ்பிட்டல்லை. இப்பதான்.”

தங்கமலர் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ இறுகிவிட்டிருந்தது. “சாப்பிட்டவனோ?” என்று கேட்டார். ஏன் அதைக் கேட்டார் என்று அவருக்குத் தெரியவில்லை.

“ஓம். கொஞ்சம்.”

“பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள். பின்னேரம் வரைக்கும் இந்தப் பக்கம் ஒருத்தருக்கும் சொல்லாதை. மாமாவுக்கும் வேண்டாம். குறூப்பிலையும் போடாதை.”

“ஏன் அத்தை?”

“இண்டைக்கு முந்திரிகை வெட்டு.”

தனக்கே அது எவ்வளவு கொடூரமாகக் கேட்கிறது என்று தங்கமலருக்குத் தெரிந்தது. ஆனால் மறுமுனையில் பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “தெரியும். அப்பா சொன்னவர். சனிக்கிழமை அக்காவுக்கு வெட்டு, மழை வரக் கூடாது எண்டு ரெண்டு நாளாச் சொல்லிக்கொண்டிருந்தவர்” என்றாள்.

துக்கம் கேட்டால் உடனே தலை முழுக வேண்டும். தங்கமலர் குளியலறை வாசல் வரை போனார். உள்ளே போகவில்லை. முழுகினால் அழுகை தொடங்கிவிடும், தொடங்கினால் தன்னால் நிறுத்த முடியாது என்று பயந்தார். வெளியே றோசலினின் வான் வண்டி ஹோர்ன் அடித்தது. மட்டக்களப்பைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண் றோசலின், வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை. வருடா வருடம் அந்த வண்டியில் ஆட்களை ஏற்றிவருவது அவர்தான். தங்கமலர் இன்னொரு தரம் முகத்தைக் கழுவிவிட்டு இறங்கினார்.

விசயம் தெரிந்தால் என்ன நடக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பதினாறு பேரும் கத்தரியைக் கீழே வைப்பார்கள். அவரை நடுவில் இருத்தி வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். ஆண்கள் வருவோர் உட்காரக் கதிரை எடுக்க ஓடுவார்கள், பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். அத்தனையும் அன்பினால்தான் நடக்கும். கொடியில் பழம் நனையும். அதை யாரும் பிழை என்று சொல்லவும் மாட்டார்கள்.

தோட்டத்தில் பனிப்புகார் படிந்திருந்தது. எல்லோரும் முதல் கம்பத்தடியில் கூடி நின்றார்கள். தங்கமலர் பைக்குள் இருந்த மஞ்சள் பேணியை வெளியே எடுக்கவில்லை. சாவு விழுந்த துடக்கோடு, தீட்டுக் கையால் பிள்ளையார் பிடிப்பதா? கல்யாணம் முடித்துப் போன அக்காவுக்கு அவ்வளவு துடக்கு இல்லை என்று சிலர் கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கைப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை. இரும்புக் கையுறையைக் கழற்றி, கத்தரியோடு சேர்த்து றோசலினிடம் நீட்டினார்.

“இந்தா, நீ வெட்டு முதல் குலையை.”

“நானோ? அக்கா, நான் வேதக்காரி.”

“வெட்டத் தெரியுந்தானே.”

எல்லோரும் சிரித்தார்கள். றோசலின் கையுறையைப் போட்டுக்கொண்டு, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுவிட்டு, முதல் குலையை வெட்டினார். பிள்ளையார் இல்லாத இடத்தில், அந்தப் புல்லின் மேல், கவனமாக வைத்தார்.

அன்று அந்தக் கையால் தங்கமலர் ஒரு பழத்தையும் தொடவில்லை. நிரம்பிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டிலில் ஏற்றினார். பழுதான தோளோடு அந்த வேலையை அவர் ஒருநாளும் செய்ததில்லை. ஒரு பெட்டி பன்னிரண்டு கிலோ வரும். ஏழாவது பெட்டியில் தோள் எரியத் தொடங்கியது. அந்த எரிவு அவருக்கு ஒருவிதத்தில் உதவியாக இருந்தது.

“மலரக்கா இண்டைக்குக் கங்காணி ஆகிட்டா. பழம் பிடுங்க மாட்டாவாம்” என்றாள் துஷாரா. ஓகூஸ் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் அந்தப் பிள்ளைக்கு வாய் சும்மா இராது.

“கங்காணி பெட்டி தூக்கிறவளோ? கதையை விட்டிட்டுக் கையை நடத்து.”

இங்கர் வந்து, தோள் வலிக்குமே என்றார். வலிக்கிறது என்றார் தங்கமலர். அப்படியானால் ஏன் தூக்குகிறாய் என்றார் இங்கர். “தூக்க வேண்டும்” என்று மட்டும் சொன்னார். ஒன்பது வருடம் பழகியவர் என்பதால் இங்கர் மேலே கேட்கவில்லை.

மத்தியானம் இடியப்பமும் சொதியும் வந்தது. தங்கமலர் எல்லோருக்கும் பரிமாறினார், தான் சாப்பிடவில்லை. எவருடைய போன் சத்தம் போட்டாலும், பரிமாறும் கரண்டியோடு நின்று அந்த முகத்தைப் பார்த்தார். ரொறன்ரோவில் எத்தனை வாய்கள் இருக்கின்றன, ஒரு வாய் போதுமே. துஷாரா போனைப் பார்த்துச் சிரித்தபோதுதான் அடுத்த தட்டுக்குப் போனார். ஒரு மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. நாளைக்கு என்று சொன்ன மழை இன்றைக்கே வரப்பார்க்கிறது. ஆறு வரிசை மிச்சம். “ஆறிப்போய் இருக்காதேங்கோ, எழும்புங்கோ” என்று தட்டுகளைத் தானே பிடுங்கினார்.

பதினைந்தாம் வரிசையில் ஒரு குலை இலைக்குப் பின்னால் தப்பிப்போய்த் தொங்கியது. பழக்கதோசத்தில் கை அதற்குப் போய்விட்டது. ஒரு விரற்கடை இருக்கும்போது நிறுத்தினார். எத்தனை ஞாயிறு தம்பி பார்த்த குலை அது. பதினைந்தாம் வரிசைதான் அவனுக்குப் பிடித்த வரிசை. கடற்கழி தெரியும் என்று அங்கே போனதும் போனைத் திருப்பச் சொல்வான். தங்கமலர் கையை மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“றோசலின், இதை எடு.”

றோசலின் குலையைப் பார்த்தார். பைக்குள் போன கையைப் பார்த்தார். பிறகு தங்கமலரின் முகத்தைப் பார்த்தார். குலையை வெட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அடுத்த கொடிக்கு முன்னையிலும் வேகமாகப் போனார்.

கடைசிப் பெட்டி கொட்டிலுக்குள் போனபோது ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. இங்கர் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பதினெட்டு வரிசையும் உள்ளே. பழத்தில் ஒரு புள்ளி பூஞ்சணம் இல்லை. நத்தார் மரக்காரர் வேறு சரிவு தேட வேண்டியதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கமான அப்பிள் கேக்கை எடுத்துவர வீட்டுக்குள் போனார். ஆட்கள் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள்.

தங்கமலர் பெட்டி கழுவும் குழாயடிக்குப் போனார். நீல வாளியை வைத்துக் குழாயைத் திறந்துவிட்டார். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். வாளி நிரம்பியதும் இரண்டு கையாலும் தூக்கி, உடுத்த உடுப்போடு, தலையில் ஊற்றினார். மறுபடியும் நிரப்பினார். மறுபடியும் ஊற்றினார்.

கேக் தட்டோடு வந்த இங்கர், குளிரில் என்ன செய்கிறாய் மலர் என்று கத்திக்கொண்டு தலை துவட்டத் துவாய் எடுக்க ஓடினார். மற்றவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். துஷாரா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். காலையில் தான் சொன்ன பகிடி அவளைச் சுட்டது.

றோசலின்தான் கிட்டப் போனார். “ஆரக்கா?”

“தம்பி.”

“எப்ப?”

“விடிய,” என்றார் தங்கமலர். அந்தச் சொல்லோடு பகல் முழுவதும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் உடைந்தது. கொட்டில் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு பெரிய குரலில் அழுதார். அழுதுகொண்டே மூன்றாவது வாளிக்குக் கையைப் போட்டார். தோள் எழும்பவில்லை. வாளி பாதியிலேயே நின்று தளும்பியது.

றோசலின் இரும்புக் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வாளியை வாங்கினார். தங்கமலர் ஒரு காலிப் பெட்டியைக் காலால் இழுத்துக் கவிழ்த்து, அதில் உட்கார்ந்து, றோசலின் ஊற்றத் தலையைக் குனிந்து கொடுத்தார்.